பன்னிரண்டு வோல்ட் ரயில்

சானடோரியம், மூன்றாம் வார்டு
6-6-1966

தீர்த்தம்மாளுக்கு மாது எழுதுவது.

வந்து சேர்ந்தேன். ஜன்னல் ஓரமாகக் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். காலையில் ஒரு ஊசி, மூன்று வேளையும் மாத்திரை. மற்ற நேரமெல்லாம் மல்லாந்து கிடப்பதுதான் வைத்தியமாம். எழுந்து ஜன்னல் பக்கம் நின்றால்கூட சகாயமேரி என்ற நர்சம்மா அதட்டுகிறார். "நெஞ்சுல புண்ணு இருக்குது, அது ஆறுற வரைக்கும் நீங்க ஆடக் கூடாது" என்கிறார். ஆறு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலில் படுத்துப் பழக்கமில்லாதவன் நான் என்பது உனக்குத் தெரியும். கால் தானாக ஆடுகிறது. போர்வைக்குள்ளே விரல்கள் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

இப்போது எழுதுவது ரயிலைப் பற்றி. ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவுக்கு மோட்டார் ரிப்பேருக்குப் போன இடத்தில் வேண்டாமென்று எடுத்துக் கொடுத்தார்களே, அந்தச் சீமைப் பொம்மை எஞ்சின். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி நான் செய்த நான்கு பெட்டிகள். பலகையில் அடித்த தகரத் தண்டவாளம். எல்லாம் பெரிய மரப்பெட்டியில் கிடக்கின்றன. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் கொட்டகை போட்டு ஓட்டிக் காட்டுவதாக மைக் செட் கடை சர்தார் பாயிடம் சொல்லியிருந்தேன். நம் பக்கத்துச் சனத்தில் எத்தனையோ பேர் ரயிலையே பார்த்ததில்லை. கரண்டில் ஓடும் ரயில் என்றால் கூட்டம் வரும். பம்புசெட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக அலைய இனி இந்த உடம்பு கேட்காது. வெளியே வந்தால் எனக்கு அதுதான் பிழைப்பு.

இந்த வருஷம் முடியாது என்று பாயிடம் சொல்லிவிடு. ஆனால் வண்டியைச் சும்மா போட்டுவைக்காதே. தினமும் கொஞ்ச நேரம் ஓட்டு, இல்லாவிட்டால் சக்கரம் இறுகிப்போகும். பாய் கடையில் லாரி பேட்டரி இருக்கிறது. அதன் இரண்டு வயரையும் இரண்டு தண்டவாளத்தில் மாட்டினால் போதும். பன்னிரண்டு வோல்ட்தான், கை பட்டாலும் ஒன்றும் செய்யாது. எண்ணெய் போடு.

அண்ணனோடு சண்டை வேண்டாம்.

மாது


அரூர்
18-6-1966

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் அண்ணன் தபால்காரரிடம் துணியால் பிடித்து வாங்கினார். வெயிலில் கல் வைத்து நாள் முழுதும் காயப்போட்ட பிறகுதான் என்னைத் தொடவிட்டார். சண்டை வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது.

நீங்கள் பஸ் ஏறிய மறுநாள் அவர் வந்து உங்கள் பாயையும் தலையணையையும் களத்தில் போட்டுக் கொளுத்தினார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ரயில் பெட்டிமேல் கை வைத்தார். "டீபிக்காரன் தொட்ட பொருளு எதுவும் வூட்டுல இருக்கக் கூடாது. எனக்கும் புள்ளைங்க இருக்குது" என்றார். நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "என்னையுந்தான் அவரு தொட்டிருக்காரு. என்னையுஞ் சேத்துக் கொளுத்துங்க மாமா" என்றேன். அக்கம்பக்கத்தார் சிரித்துவிட்டார்கள். அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி அந்த வீட்டில் பெட்டியை வைக்கப் பயமாக இருந்தது. சர்தார் பாயின் சம்சாரம் ஜான் பீ அக்கா, "எங்க கடைக்குப் பின்னால எடம் கெடக்குது, கொண்டாந்து போடு" என்றார். என் தையல் மிஷினையும் அங்கேயே கொண்டுபோய்விட்டேன். பகலில் ரவிக்கை தைக்கிறேன்.

உங்கள் ரயில் ஓடவில்லை. ஒரு சாண் போகிறது, நிற்கிறது. விரலால் தள்ளினால் இன்னொரு சாண். நீங்கள் எண்ணெய் போடச் சொன்னீர்கள். உங்கள் டப்பாவில் இருந்த கெட்டி எண்ணெயைச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நன்றாகப் போட்டேன். இப்போது ஒரு சாண்கூடப் போகவில்லை. எல்லாம் கரிபிடித்துக் கிடக்கிறது. இதை நம்பியா ஒகேனக்கல்லில் கொட்டகை போடப் போனீர்கள்?

இருமல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

தீர்த்தம்


சானடோரியம்
29-6-1966

தீர்த்தம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நர்சம்மா தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். எண்ணெய் போடு என்றால் தண்டவாளத்துக்கா போடுவார்கள்? கரண்டு பேட்டரியிலிருந்து தண்டவாளத்துக்கு வருகிறது. சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டு அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் எண்ணெயும் அழுக்கும் படிந்தால் கரண்டு எப்படி ஏறும்? மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எல்லாவற்றையும் துடைத்து எடு. எண்ணெய் அச்சு சுழலும் இடத்துக்கு மட்டும், அதுவும் ஊசி முனையில் ஒரு துளி. நான் இருந்தால் அரை நாளில் சரிசெய்துவிடுவேன்.

எஞ்சினைக் கவிழ்த்துப் பார். ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் ஒரு பித்தளைத் தகடு உரசிக்கொண்டிருக்கும். சக்கரம் எடுத்த கரண்டை அதுதான் மோட்டாருக்குக் கொண்டுபோகிறது. அது சரியாகப் படாததால்தான் நின்று நின்று போகிறது. தகட்டை வளைத்து, சக்கரத்தோடு அழுத்தமாக ஒட்டியிருக்கும்படி செய். நன்றாக அழுத்து. வேறு எதையும் கழற்றாதே.

அண்ணன் செய்ததைப் படித்தேன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அப்பன் இதே இருமலில்தான் போனார்.

இருமல் அப்படியேதான் இருக்கிறது.

மாது


அரூர்
15-7-1966

மாமாவுக்கு,

துடைத்ததில் பாதி சரியாயிற்று. அதற்காக உங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் தகட்டை அழுத்தச் சொன்னீர்களே, அழுத்தினேன், வண்டி முனகிக்கொண்டு நின்றுவிட்டது. எஞ்சினைக் கையில் தூக்கிச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தேன். அரைச் சுற்றுகூட வரவில்லை. கரண்டு வருகிறது, ஆனால் அந்தத் தகடே பிரேக் போட்ட மாதிரி சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. என் மிஷினில் நூலை இறுக்கினால் தையல் சுருங்கும், விட்டால் தொங்கும். அதே கதைதான் என்று பட்டது. பழைய டார்ச் லைட்டில் இருந்த மெல்லிய பித்தளையைக் கீற்றாக வெட்டிக் கொடுத்தேன். பாய் அதை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். சக்கரத்தின் மேல் சும்மா படிந்திருக்கிறது, அவ்வளவுதான். எஞ்சின் ஓடுகிறது.

அடுத்து உங்கள் பெட்டிகள். நான்கையும் மாட்டினால் எஞ்சின் நகரவில்லை. சைக்கிள் கம்பியை அச்சாக்கித் தகரத்து ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள். ஓட்டை அச்சை அராவிக்கொண்டே இருக்கிறது. கம்பியின் இரண்டு நுனியையும் அரத்தால் ஊசிமாதிரி கூராக்கினேன். ரவிக்கைக்கு வைக்கும் பிரஸ் பட்டன் இருக்கிறதல்லவா, அதில் குழி உள்ள பாதியைப் பெட்டியின் உட்பக்கம் வைத்துப் பற்றவைத்து, கூர் நுனியை அந்தக் குழியில் உட்காரவைத்தேன். இப்போது பெட்டியை வாயால் ஊதினால் நகர்கிறது. ஜான் பீ அக்கா நாள் முழுதும் ஊதி ஊதி விளையாடிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்குப் பிறகும் தண்டவாளம் சேரும் இடங்களில் நின்றது. எஞ்சின் குட்டையானது, அழுக்கான இடத்தில் அதன் சக்கரமெல்லாம் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்கிறது. பின்னால் வரும் முதல் பெட்டியும் கரண்டை எடுத்து முன்னால் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அதன் மரச் சக்கரங்களை எடுத்துவிட்டு, நீங்கள் சேலத்தில் கடைந்து வைத்திருந்த பித்தளைச் சக்கரங்களை மாட்டினேன். வயர் சூடேறிப் புகைந்தது. இந்தத் தண்டவாளத்துக் கரண்டு அச்சு வழியாக அந்தத் தண்டவாளத்துக்குப் போய்விட்டதாம். பாய் ஓடிவந்து பிடுங்கினார். பிறகு அச்சை நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் ஒரு மூங்கில் குழலில் இறுகச் செருகினேன். பெட்டித் தகரத்தையும் நடுவில் பிரித்து மரச் சட்டத்தில் அடித்து, பக்கத்துக்கு ஒரு வயரை எஞ்சினுக்கு இழுத்தேன். இப்போது இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதில்லை. வண்டி நிற்காமல் ஓடுகிறது. நான் சாப்பிட்டு வரும்வரை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாயும் ஜான் பீ அக்காவும் மைக் செட்டோடு ஆடிப் பதினெட்டுக்குப் போகிறார்கள். நானும் வண்டியோடு போகிறேன்.

தீர்த்தம்


சானடோரியம்
23-7-1966

தீர்த்தம்,

போகாதே.

யாரைக் கேட்டு அச்சை வெட்டினாய்? வேறு எதையும் கழற்றாதே என்று எழுதினேனா இல்லையா? டார்ச் தகடும் ரவிக்கைப் பட்டனும் வைத்த வண்டியைக் கூட்டத்தின் முன் கொண்டுபோய் நிறுத்திச் சிரிப்பாய்ச் சிரிக்க வைக்கப் போகிறாயா? புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது பெண்டாட்டி திருவிழாவில் கொட்டகை போட்டாள் என்று அரூர் முழுக்கப் பேசும். பாய் நல்லவர்தான். பேசுகிறவன் அதைப் பார்க்க மாட்டான்.

நான் வரும்வரை அதை மூடி வை. அது என் வண்டி.

மாது


அரூர்
10-8-1966

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் புறப்படுவதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. வரவில்லை என்று பொய் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. படித்தேன், மடித்து வைத்தேன், பென்னாகரம் பஸ்ஸில் ஏறினேன்.

முதல் நாள் ஆற்றில் தண்ணீர் புரண்டு போய்க்கொண்டிருந்தது, சனமும் அப்படித்தான். பாய் மைக்கில் கூவினார். கொட்டகை நிறைந்தது. வண்டி கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டு நின்றது. பிறகுதான் பார்த்தேன், அங்கே வருகிறவர்கள் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்தவர்கள். ஆசையாகத் தண்டவாளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். தண்டவாளம் முழுக்க நல்லெண்ணெய். நான் பலகைமேல் ஏறி, வேப்பங்குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்து, எல்லார் முன்னாலும் துடைத்தேன். யாரும் எழுந்து போகவில்லை. நான் துடைப்பதையும் வேடிக்கை பார்த்தார்கள். அதன் பிறகு சுற்றிலும் கயிறு கட்டிவிட்டோம்.

இரண்டாம் நாள் அரூர்க்காரன் ஒருவன் வந்தான். யார் என்று எழுத மாட்டேன். "இது டீபிக்காரன் செஞ்ச வண்டி, புள்ளைங்களைக் கிட்ட வுடாதீங்க" என்று சத்தமாகச் சொன்னான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனம் பின்னால் நகர்ந்தது. ஜான் பீ அக்கா ஓடுகிற வண்டியிலிருந்து கடைசிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாயிடமிருந்து மைக்கை வாங்கினார். "இது ஒண்ணரை மாசமா எங்க வூட்டுலதான் கெடக்குது. எம் பேரப் புள்ள இதைத் தலைமாட்டுல வெச்சிக்கிட்டுத் தூங்குது. யாருக்காச்சும் இருமல் வந்துதான்னு வந்து பாத்துக்குங்க" என்றார். பென்னாகரத்து அம்மாள் ஒருத்தி முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து, "ஓட்டும்மா, பாப்போம்" என்றாள்.

ஓட்டினேன் மாமா. பொழுது சாயும்வரை ஓட்டினேன்.

உங்கள் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அண்ணன் கொளுத்த வந்தபோது அதன் மேல் உட்கார்ந்தது யார் என்று மட்டும் கேட்கிறேன்.

தீர்த்தம்


சானடோரியம்
21-9-1966

தீர்த்தம்,

இத்தனை நாள் எழுதவில்லை. எழுத முடியவில்லை என்பதும் உண்மை, எழுதப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

உன் கடிதம் வந்த அன்று படுக்கையில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நடந்தேன். வராந்தா, தோட்டம், வெளிக் கேட் வரை போய்விட்டேன். ஒகேனக்கல்லுக்கே நடந்துவிடலாம் என்பது போல ஒரு வேகம். கேட்டருகே இருமல் பிடித்தது, வாயில் ரத்தம் வந்தது. தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். நர்சம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிறகு மூன்று வாரம் தலையைக்கூடத் திருப்ப விடவில்லை.

திருப்ப முடியாமல் கிடந்தபோது எனக்கு எது பிடிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நீ போனது அல்ல. பாயோடு போனதும் அல்ல. ஊர் பேசும் என்று எழுதியது சும்மா ஒரு சாக்கு. வண்டி ஓடியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது நின்று நின்று ஓடும்வரை எனக்கு அங்கே ஒரு வேலை காத்திருந்தது. நான் போய்ச் சரிசெய்ய வேண்டும், அதற்காக நான் பிழைக்க வேண்டும். இப்போது அது நிற்காமல் ஓடுகிறது. பக்கத்துக் கட்டில்காரர் போன வாரம் காலியாகிவிட்டார். அவருக்கு ஊரில் யாரும் காத்திருக்கவில்லை. நான் எதற்காக எழுந்து வர வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

தகட்டை அழுத்தச் சொன்னது தப்பு. மெல்லியதாகப் போட்டது சரி.

மாது


அரூர்
3-10-1966

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். அழுதேன். பிறகு கோபம் வந்தது. பிறகு ஒரு ரவிக்கையைத் தப்பாகத் தைத்து மறுபடி பிரித்தேன். அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள்.

எதற்காக எழுந்து வர வேண்டும் என்று கேட்கிறீர்கள். ரயிலைச் சரிசெய்யவா நான் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்? கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்த அன்று நீங்கள் பேசவே இல்லை, எங்கள் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்று எங்கள் ஆத்தா இன்றைக்கும் சொல்கிறாள். அந்த மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறது. அதற்காக எங்கள் வீட்டில் உங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா?

நல்ல பேச்சு எனக்கு இவ்வளவுதான் வரும். வேலைக்கு வருகிறேன்.

உங்கள் வண்டி என்று எழுத மாட்டேன், என் வண்டி என்றும் எழுத மாட்டேன். அது இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. நேர்ப் பாதையில் நன்றாகப் போகிறது. திருப்பத்தில் கீச்சென்று கத்திக்கொண்டு வேகம் குறைகிறது. நான் புதிதாகச் செய்த இரண்டையும் சேர்த்து ஆறு பெட்டி மாட்டினால் திருப்பத்திலேயே நின்றுவிடுகிறது. துடைத்துப் பார்த்தேன், எண்ணெய் விட்டேன், தகட்டைத் தளர்த்தினேன். எதுவும் உதவவில்லை. பாய்க்கும் தெரியவில்லை. உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கார்த்திகைக்குத் திருவண்ணாமலைக்கு மைக் செட் போகிறது. நானும் போகிறேன். இந்தத் தடவை கேட்கவில்லை, சொல்கிறேன். உங்களை விடுவதற்கு டிசம்பர் ஆகும் என்றுதானே சொன்னீர்கள், அதற்குள் திரும்பிவிடுவேன்.

படுத்திருங்கள். நடக்காதீர்கள்.

தீர்த்தம்


அரூர்
18-11-1966

தீர்த்தம்,

மேலே ஊர் பெயரைப் பார்த்து நீ திடுக்கிட்டிருப்பாய். போன வாரம் எடுத்த படத்தில் நெஞ்சு தேறியிருக்கிறது என்றார்கள். சளியிலும் கிருமி இல்லையாம். வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். உனக்கு எழுதாமல் திடீரென்று வந்து நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. வந்து நின்றேன். வீடு பூட்டியிருந்தது. கடையும் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்தான் நீங்கள் இருக்கும் இடத்தின் விலாசம் கொடுத்தார்.

அண்ணன் வந்தான். எட்டத்தில் நின்றான். "இளைச்சிட்ட" என்றான். பிறகு, "அவ ஊர் ஊராப் போவுறா. நீ இங்க காத்துக்கிட்டுக் கெடக்கற. நல்லாவா இருக்குது? எங்க வூட்டுக்கு வா, கொல்லையில ஒரு ரூம்பு போட்டுத் தரேன்" என்றான். நல்ல மனதோடுதான் கூப்பிட்டான். நான் போகவில்லை. பூட்டை உடைத்து உள்ளே வந்து படுத்திருக்கிறேன்.

ஐந்து மாதம் அங்கே ஜன்னலைப் பார்த்துக் கிடந்தேன், இங்கே வாசலைப் பார்த்துக் கிடக்கிறேன். தெருவில் பஸ் ஹாரன் கேட்டால் எழுந்து உட்கார்கிறேன். நீ இங்கே எப்படி இருந்திருப்பாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

திருப்பத்தைப் பற்றி. எங்கள் வார்டில் சாப்பாட்டு வண்டி ஒன்று வரும். நேராக வரும்போது சத்தமே இருக்காது. கதவருகே திரும்பும்போது கீச்சென்று கத்தும். சக்கரம் நேராகப் போகப் பார்க்கும், வண்டி திரும்பப் பார்க்கும். நம் ரயிலிலும் அதுதான். திருப்பத்தில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் இடித்து அரைக்கிறது. எண்ணெயால் அது போகாது. திருப்பத்தில் மட்டும் இரண்டு தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை நகக் கனம் கூட்டு. அதற்கு மேல் போனால் வண்டி உள்ளே விழுந்துவிடும். உள்பக்கத் தண்டவாளத்தைத் தொடாதே, வெளிப்பக்கத்து ஆணியைப் பிடுங்கித் தள்ளி அடி.

இது சரியா என்று எனக்கு எழுது. நீ எப்போது வருவாய்?

மாது


திருவண்ணாமலை
22-11-1966

மாமாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஜான் பீ அக்காவிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். பிரிக்கக் கை வரவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீட்டி எழுதியிருக்காரு, நல்லாத்தான் இருப்பாரு, படி" என்றார்.

ஆணியைத் தள்ளி அடித்தேன். முதல் தடவை அதிகமாகிவிட்டது, நீங்கள் சொன்னபடியே எஞ்சின் உள்ளே விழுந்தது. மறுபடி அடித்தேன். கத்தல் நின்றுவிட்டது. ஆறு பெட்டியையும் இழுத்துக்கொண்டு திரும்புகிறது. பாய் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

எப்போது வருவாய் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வரமாட்டேன். தீபம் முடியும்வரை கூட்டம் ஓயாது. முடிந்ததும் பாய் வேலூர்ப் பக்கம் போகலாம் என்கிறார். அண்ணன் கட்டித் தருகிற கொல்லை ரூம்பில் உங்களை விட்டுவிட்டு என்னால் போக முடியாது. நீங்கள் கிளம்பி வந்துவிடுங்கள். இங்கே எனக்கு இரண்டு கை போதவில்லை. ஒருத்தர் ஓட்ட வேண்டும், ஒருத்தர் சக்கரம் துடைக்க வேண்டும். உட்கார்ந்தே செய்கிற வேலைதான். எது யாருக்கு என்று வந்த பிறகு சண்டை போட்டுக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுங்கள். மாத்திரையை மறக்காமல் எடுத்துவையுங்கள். போர்வையும் எடுங்கள், இங்கே பனி அதிகம். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்க மாட்டேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும், விட்டுவிட்டு வரமுடியாது. இறங்கியதும் பாயின் மைக் சத்தம் கேட்கும். அந்தப் பக்கமாக நடந்து வாருங்கள். மெதுவாக நடங்கள்.

தீர்த்தம்